ஜூஸ் விரதம்: கலோரிக் கணக்கும் இறங்க மறுக்கும் எடையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திட உணவை விட்டுவிட்டுச் சில நாட்கள் பழச்சாறும் காய்கறிச் சாறும் மட்டும் குடித்து இருப்பதைத்தான் இங்கே ஜூஸ் விரதம் என்கிறேன். நானும் இருந்திருக்கிறேன். ஒருமுறை மூன்று நாள். இன்னொரு முறை ஏழு நாள் என்று தொடங்கி ஐந்தாம் நாளே நிறுத்தியது. இருப்பவர்கள் பலரோடும் பேசியிருக்கிறேன். எல்லோரையும் வாட்டுவது பசியைவிட எடை மெஷின்தான். அது காட்டும் எண்ணை நம்பிச் சந்தோஷப்பட்டு, அதே எண்ணை நம்பி உடைந்துபோகிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

ஒரு நாளைக்கு ஜூஸ் வழியாக எத்தனை கலோரி உள்ளே போகிறது?

எதைப் பிழிகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 250 மில்லி பிடிக்கும் ஒரு கிளாஸ் தக்காளிச் சாற்றில் 40–45 கலோரிதான் இருக்கும். வெள்ளரிச் சாற்றில் அதைவிடக் குறைவு. கேரட் சாறு 95-ஐ ஒட்டி வரும். ஆரஞ்சு 110, ஆப்பிள் 115, மாதுளை 135, திராட்சை 150. பழத்தின் இனிப்பைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். திராட்சை இரண்டு, மாதுளை இரண்டு, ஆப்பிள் இரண்டு என்று ஆறு கிளாஸ் குடித்தால் 800 கலோரி. அதே ஆறு கிளாஸையும் வெள்ளரி, தக்காளி, கீரை என்று பிழிந்து ருசிக்குப் பாதி ஆப்பிள் போட்டால் 350-ஐத் தாண்டுவதே பெரிது. பசிக்கும் போதெல்லாம் பழச்சாறு என்று பத்து கிளாஸ் இறக்குபவருக்கு 1,300 வரைக்கும் போகும். மூன்று பேருமே ‘ஜூஸ் மட்டும்தான் குடிக்கிறேன்’ என்றுதான் சொல்வார்கள்.

கண்ணால் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். ஒரு கிலோ கேரட்டைத் தோல் சீவி ஜூஸரின் வாயில் ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். உறுமல் அடங்கும்போது ஜாடியில் அரை லிட்டரை ஒட்டிச் சாறு நிற்கும். பின்பக்கத் தொட்டியில் ஈரம் கசியும் ஆரஞ்சு நிறச் சக்கை மலையாகக் குவிந்திருக்கும். நார்ச்சத்தில் பெரும்பகுதி அந்தச் சக்கையோடு போய்விட்டது. சர்க்கரையில் பெரும்பகுதி ஜாடிக்கு வந்துவிட்டது. ஒரே மூச்சில் ஒரு கிலோ கேரட்டைக் கடித்துத் தின்ன யாராலும் ஆகாது. அரை லிட்டர் சாற்றை ஐந்து நிமிடத்தில் குடித்துவிடலாம்.

மூன்றில் இரண்டு பங்கு காய்கறி, ஒரு பங்கு பழம் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் கலோரி குறைவது நல்லது என்று ஒரேயடியாக இறக்கிவிடவும் வேண்டாம். ஒரு நாளைக்கு 800 கலோரிக்குக் கீழே போகும் உணவுமுறையை மருத்துவத்தில் ‘மிகக் குறைந்த கலோரி உணவு’ என்ற தனி வகையில் வைத்திருக்கிறார்கள். அது மருத்துவர் பார்வையில் இருந்துகொண்டு செய்ய வேண்டியது.

தேன் சேர்த்துக்கொள்ளலாமா?

ஒரு மேசைக்கரண்டித் தேன் 64 கலோரி. ஆறு கிளாஸில் ஆறு கரண்டி என்றால் 384. எடை குறையவில்லை என்று வருந்துபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். எலுமிச்சை, இஞ்சி, புதினா போடுங்கள். மணம் கூடும், கலோரி கூடாது.

என் உடம்புக்கு எவ்வளவு தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் வீட்டுக் கணக்குக்குப் போதும். எடையை (கிலோ) 10-ஆல் பெருக்குங்கள். உயரத்தை (சென்டிமீட்டர்) 6.25-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். கடைசியில் ஆண் என்றால் 5 கூட்டவும், பெண் என்றால் 161 கழிக்கவும். வருவது, அசையாமல் படுத்திருந்தாலும் உடம்பு செலவழிக்கும் கலோரி.

35 வயது, 75 கிலோ, 160 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெண்ணுக்கு இது 1,414. வீட்டு வேலை, கொஞ்சம் நடை என்று இருப்பவர் என்றால் 1.375-ஆல் பெருக்க, ஏறக்குறைய 1,950. அவர் ஜூஸில் 800 கலோரி எடுத்தால் ஒரு நாளைக்கு 1,150 பற்றாக்குறை. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஆக, ஏழு நாள் முழுக்கத் தாக்குப்பிடித்தால் குறையக்கூடிய கொழுப்பு ஒரு கிலோவும் கொஞ்சமும்.

இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி எடை மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவையுங்கள். ‘வாரம் ஐந்து கிலோ’ என்று யார் சொன்னாலும் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாளில் இரண்டரை கிலோ குறைந்தது. அவ்வளவும் கொழுப்புதானே?

இல்லை. மேலே சொன்ன கணக்குப்படி மூன்று நாள் பற்றாக்குறை 3,450 கலோரி. கொழுப்பாகப் பார்த்தால் 450 கிராம் தேறும். மீதி இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது?

கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. கல்லீரலில் 100 கிராம் போல, தசைகளில் 400 கிராம் போல. ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் உடம்பு முதலில் கைவைப்பது இந்தச் சேமிப்பில்தான். கிளைகோஜன் கரையும்போது அது பிடித்திருந்த தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். ஜூஸில் உப்பு மிகக் குறைவு என்பதால் உப்பு தேக்கிவைத்திருந்த தண்ணீரும் கூடவே இறங்கும். போதாக்குறைக்கு, குடலில் வழக்கமாக இருக்கும் உணவுச் சக்கையும் இல்லை. எல்லாம் சேர்ந்து மெஷினில் பெரிய இறக்கமாகத் தெரிகிறது.

அந்த மூன்றாம் நாள் காலையில் எனக்கிருந்த பூரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேகமே தொடரும் என்று நினைத்துக்கொண்டதுதான் அடுத்த நாளே என்னைத் தள்ளாட வைத்தது.

நான்காம் நாளிலிருந்து எடை அசையவே இல்லை. ஏன்?

தண்ணீர் இறங்கி முடிந்துவிட்டது. இனி கொழுப்பு இறங்கும் வேகம்தான் தெரியும். அது ஒரு நாளைக்கு 150 கிராம் போல. உங்கள் எடையோ, எந்த விரதமும் இல்லாத நாட்களிலேயே காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ ஏறி இறங்கக்கூடியது. ஒரு கிலோ ஆட்டத்துக்குள் 150 கிராம் இறக்கம் ஒளிந்துகொள்ளும். ஒரு கிளாஸ் சாறு குடித்துவிட்டு மெஷினில் ஏறினாலே கால் கிலோ கூடித்தான் காட்டும்.

பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் தேங்கி ஒன்று, இரண்டு கிலோகூட ஏறலாம். அந்த வாரத்தில் விரதத்தைத் தொடங்கிவிட்டு எடை நின்றுபோனதாக வருந்துபவர்கள் நிறைய. மலச்சிக்கலும் ஒரு காரணம்: நார்ச்சத்தில்லாத ஜூஸில் மூன்று நான்கு நாள் வெளிக்குப் போகாமலே இருக்கலாம்.

இன்னொன்று கவனிக்காமலே நடப்பது. கலோரி குறைந்ததும் உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். நீங்களும் அறியாமலே குறைவாக நடப்பீர்கள், நிற்க வேண்டிய இடத்தில் உட்காருவீர்கள், படி ஏற யோசிப்பீர்கள். அதனால் தாளில் போட்ட 1,150 பற்றாக்குறை நிஜத்தில் 1,000-மாகவோ 900-மாகவோ இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வாரச் சராசரி இறங்கவே இல்லை என்றால், கணக்கில்தான் எங்கோ ஓட்டை. 1992-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்கள் உண்மையில் சாப்பிட்டதைத் துல்லியமாக அளந்து பார்த்தார்கள். தாங்கள் சாப்பிட்டதாகச் சொன்ன அளவு, உண்மையான அளவைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. ருசி பார்த்த வாய், குழந்தை மிச்சம் வைத்தது, பெரிய கிளாஸை ஒரு கிளாஸ் என்று எண்ணியது: எல்லாருக்கும் நேர்வதுதான். ஒரு வாரம் மில்லி லிட்டர் போட்ட ஜாடியில் அளந்து குடித்தால் தெரிந்துவிடும்.

நேற்று ராத்திரி தாங்க முடியாமல் சாப்பிட்டுவிட்டேன். இத்தனை நாள் இருந்ததெல்லாம் வீண்தானா?

வீணில்லை. கணக்கை முதலில் பார்ப்போம். தேவைக்கு மேல் 600 கலோரி சாப்பிட்டிருந்தாலும், அவ்வளவும் கொழுப்பாகவே படிந்தாலும், 80 கிராம்கூட வராது. அப்படியே படிவதுமில்லை, காலியாகிப்போன கிளைகோஜனை நிரப்பத்தான் முதலில் போகும். காலையில் மெஷின் ஒரு கிலோ ஏற்றிக் காட்டினால் அது உப்பும் தண்ணீரும், குடலில் இருக்கும் உணவின் கனமும். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும்.

எனக்கு இது ஐந்தாம் நாள் நடந்தது. இரவு பதினொன்றரை. தண்ணீர் குடிக்கத்தான் போனேன். குளிர்சாதனப் பெட்டியின் வெளிச்சத்தில் ரொட்டிப் பாக்கெட் கண்ணில் பட்டது. நின்றபடியே ஒரு துண்டு, வெண்ணெய்கூடத் தடவாமல். பிறகு இன்னொன்று. ஆறாவது துண்டில்தான் கை நின்றது. வாய் உலர்ந்து, தொண்டையில் ரொட்டி அடைத்துக்கொள்ள, அழுகை வந்துவிட்டது. மறுநாள் காலை ஏறி நின்றால் 900 கிராம் அதிகம். ஆறு துண்டு ரொட்டியின் மொத்த எடையே 200 கிராம்தான், கலோரி 450 என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. 450 கலோரியில் 900 கிராம் கொழுப்பு எந்த உடம்பிலும் உண்டாகாது.

மன உறுதி இல்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார். எல்லோரும் ஆரோக்கியமான, தாங்களாக முன்வந்த இளைஞர்கள். அவர்களுக்குக் கொடுத்தது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,600 கலோரி; நம் ஜூஸ் விரதத்தைவிட இரண்டு மடங்கு. நாள் செல்லச் செல்ல அவர்கள் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் சிலரால் எவ்வளவு சாப்பிட்டும் நிறுத்த முடியவில்லை. பட்டினி கிடக்கும் மூளை உணவைத் தேடும்படிதான் அமைந்திருக்கிறது.

அடுத்த வேளைக்கு வழக்கமான அளவு சாப்பிடுங்கள், அல்லது அடுத்த ஜூஸை அதன் நேரத்துக்குக் குடியுங்கள். அவ்வளவுதான்.

சாப்பிட்டதற்கு ஈடாக இன்று ஜூஸையும் விட்டுவிடலாமா?

கூடாது. நேற்று உங்களைத் தள்ளியதே பசிதான். அதை இன்னும் கூட்டினால் இன்று இரவும் அதுவே நடக்கும். சாப்பிடுவதும் பட்டினி போட்டுத் தண்டிப்பதுமாக இது ஒரு சுழலாகிவிட்டால் உணவுக் கோளாறு என்ற மனநலப் பிரச்சினையில் கொண்டுபோய் விடும். மாதத்தில் இரண்டு மூன்று முறை இப்படி ஆகிறது என்றால் விரதத்தை நிறுத்திவிட்டு, இதை நன்கு அறிந்த ஒரு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்தும் ஒரு மணி நேரத்தில் பசிக்கிறதே?

1977-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஒரு சின்னப் பரிசோதனை இதற்கு நல்ல பதில். பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுப் பழமாக, மசித்த கூழாக, நார் நீக்கிய சாறாக. மூன்றிலும் மாவுச்சத்து ஒரே அளவு, 60 கிராம். சாற்றைப் பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகமாக உள்ளே தள்ள முடிந்தது. உட்கொள்ளும் வேகத்தைச் சமமாக்கிய பிறகும், வயிறு நிறைந்த உணர்வு பழத்தில் அதிகம், கூழில் குறைவு, சாற்றில் மிகக் குறைவு. சாறு குடித்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறிய பிறகு சரிந்து கீழே இறங்கியது.

அதனால் கிளாஸைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து உறிஞ்சிக் குடியுங்கள். வடிகட்டாமல் குடியுங்கள். முடிந்தால் ஜூஸருக்குப் பதில் பிளெண்டரில் அடித்து நாரோடு குடியுங்கள். அது ஜூஸ் விரதம் ஆகாது என்று சிலர் வாதம் செய்வார்கள். பசி அடங்குவது முக்கியம்.

தசை கரைந்துவிடும் என்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம் புரதம் என்பது பெரியவர்களுக்கான பொதுப் பரிந்துரை. 75 கிலோ உள்ளவருக்கு 60 கிராம். ஒன்றரை லிட்டர் ஜூஸில் பத்து கிராம் தேறினாலே அதிகம். மூன்று நாளில் பெரிய இழப்பு இருக்காது. வாரக்கணக்கில் இழுத்தால் கொழுப்போடு தசையும் போகும். தசை போனால் உடம்பின் அன்றாடக் கலோரிச் செலவும் இறங்கும், திரும்ப எடை ஏறுவது சுலபமாகும்.

என் விருப்பம் கலப்பு முறை: இரண்டு வேளை ஜூஸ், ஒரு வேளை முட்டை, பருப்பு, மீன், சோயா, தயிர் போன்ற புரதமும் காய்கறியும் உள்ள உணவு. ஒன்றுமில்லாமல் ஏழு நாள் இருப்பவரைவிட இப்படி மூன்று மாதம் இருப்பவர்தான் எடையைக் குறைத்துத் தக்கவைக்கிறார் என்பதைப் பார்த்துவருகிறேன்.

உடற்பயிற்சி செய்யலாமா?

மெதுநடை போதும். எழுந்ததும் கண் இருட்டினால் அன்றைக்கு அதுவும் வேண்டாம்.

தலைவலியும் வாய் நாற்றமும் வருவது நச்சு வெளியேறுவதாலா?

ரத்தத்தைச் சுத்தம் செய்வது கல்லீரலும் சிறுநீரகமும். அவை விரதம் இல்லாத நாளிலும் அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. தலைவலிக்குப் பெரும்பாலும் காரணம் காபி, டீயைத் திடீரென்று விட்டது. கடைசிக் காபியிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு அடங்கும். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே அளவைக் குறைத்துவந்தால் இவ்வளவு படுத்தாது. கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்களாலும், வாய் உலர்வதாலும் வாய் நாற்றம் வரும். தலைசுற்றலுக்கு உப்பும் தண்ணீரும் குறைந்தது காரணமாக இருக்கலாம். ரத்த அழுத்தம் இல்லாதவர்கள் தக்காளிச் சாற்றில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளலாம்.

யார் இந்த விரதத்தைத் தொடவே கூடாது?

கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், ஏற்கெனவே எடை குறைவாக உள்ளவர்கள், உணவுக் கோளாறு இருந்தவர்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் தாங்களாக முடிவெடுக்கவே கூடாது. பழச்சாற்றால் ரத்தச் சர்க்கரை எகிறவும் செய்யும், மருந்து வேலை செய்யும் நேரத்தில் உணவில்லாமல் ஆபத்தான அளவுக்குத் தாழவும் செய்யும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஜூஸில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் சேர்ந்து இதயத் துடிப்பையே பாதிக்கலாம். பசலைக் கீரையையும் பீட்ரூட்டையும் தினமும் நிறையப் பிழிந்து குடிப்பதால் அவற்றில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு சேர்ந்து சிறுநீரகம் பழுதான சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கிரேப்ஃப்ரூட் (திராட்சையல்ல, ஆரஞ்சு இனத்துப் பழம்) சாறு சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் திடீரென்று கீரைச் சாற்றில் இறங்கினால், கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

மயக்கம், நெஞ்சு படபடப்பு, நெஞ்சு வலி, குழப்பம், நிற்காத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே கடுமையான வலி: இதில் எது வந்தாலும் விரதம் அந்த நிமிடமே முடிந்தது. மருத்துவமனைக்குப் போங்கள். கடைசியாகச் சொன்ன வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேகமாக எடை குறைப்பவர்களுக்கு அது உருவாகும் வாய்ப்பு அதிகம்.

எத்தனை நாள் இருக்கலாம்? எப்படி முடிப்பது?

ஆரோக்கியமாக இருப்பவர் என்றால் மூன்று நாள். அதற்கு மேல் என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. முடிக்கும் நாளில் விருந்து வேண்டாம். காய்கறி சூப், வேகவைத்த காய், கொஞ்சம் தயிர் அல்லது முட்டை என்று தொடங்கி இரண்டு நாளில் வழக்கமான உணவுக்கு வாருங்கள். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாமல் இருந்தவர்கள் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

விரதம் முடித்த நான்கே நாளில் இரண்டு கிலோ திரும்பிவிட்டது. என்ன செய்வது?

எதுவும் செய்ய வேண்டியதில்லை. முதல் மூன்று நாளில் போன அதே தண்ணீரும் கிளைகோஜனும்தான் திரும்பியிருக்கிறது. திரும்பத்தான் வேண்டும். உங்கள் உண்மையான தொடக்கப் புள்ளி, விரதம் முடிந்து ஒரு வாரம் கழித்து வரும் எடை. ஆரம்பித்த நாள் 75.0, விரதத்தின் கடைசி நாள் 72.3, ஒரு வாரம் கழித்து 74.3 என்றால், குறைந்தது 700 கிராம். அது உங்களுடையது.

எடையை எப்போது பார்ப்பது?

காலையில் எழுந்து, கழிவறைக்குப் போய்வந்து, எதையும் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி உடையில். ஏழு நாள் எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். தினமும் பார்த்தால் மனசு கெடுகிறது என்றால் வாரம் ஒருமுறை போதும். கூடவே தொப்புளைச் சுற்றி ஒரு டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விரதத்தின் முதல் வாரத்துக்கு நான் இப்போதெல்லாம் மெஷினை அலமாரியின் மேல்தட்டில் எடுத்துவைத்துவிடுகிறேன்.